மூலையைப் பார்த்துப் பேசியவள்

தையல்காரி ஒரு கால்சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாதி பிளேடை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, துணியைத் தொடாமல் நூலை மட்டும் அறுத்து இழுக்கும் கை அவளுடையது. மடியில் கால்சட்டை, உதட்டில் குண்டூசி, காது மட்டும் பின்னறையில். அங்கே அவளுடைய மாமியார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா... ஆமா. அப்படியா சொன்னா?"

கொஞ்சம் இடைவெளி. பிறகு மாமியார் சிரித்தார். தானாகச் சிரிப்பது ஒரு மாதிரி இருக்கும், பதில் கேட்டுச் சிரிப்பது வேறு மாதிரி இருக்கும். இது இரண்டாவது மாதிரி.

தையல்காரி குண்டூசிகளை டப்பாவில் துப்பிவிட்டு எழுந்து போனாள். மாமியார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, அலமாரிக்கு மேலே இரண்டு சுவரும் கூரையும் சேரும் மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளைக் கண்டதும் முகத்தில் கதவைச் சாத்தினாற்போல் ஆயிற்று.

"யார்கிட்ட பேசுறீங்க, அத்தை?"

"உனக்கு எதுக்கு? உன்னைப் பத்தித்தான் பேசிட்டு இருக்கோம்."

இது விளங்க வேண்டுமானால் அவள் கதையைச் சற்று முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

அவள் புதுத்துணி தைப்பவள் அல்ல. இருக்கும் துணியைச் சரிசெய்பவள். பெருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்து விட்டுக்கொடுப்பாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக்கொடுப்பாள். வீட்டின் முன்னறைதான் கடை. நடுவறையில் சமையலும் சாப்பாடும். பின்னறை மாமியாருக்கு. வீட்டுக்காரர் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். கொழுந்தன் அடுத்த தெருவில் கைபேசி பழுது பார்க்கிறான். "ஜனங்க தின்னு பெருத்து, பட்டினி கிடந்து இளைக்கிற வரைக்கும் அண்ணி கடைக்கு அழிவே இல்ல" என்று வாயடிப்பான். கெட்டவன் அல்ல. கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

அவன்தான் அண்ணி கடையில் பேசுவதைப் படம்பிடித்து அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அனுப்பினான். முன்பின் தெரியாத ஆட்களை ஒரே வீட்டில் பூட்டிவைத்து, அவர்கள் சண்டை போடுவதையும் அழுவதையும் ஊருக்கெல்லாம் காட்டும் நிகழ்ச்சி. இந்த முறை சாதாரண ஜனங்களும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கூப்பிட்டார்கள், போனாள். ஏன் போனாய் என்று யாராவது கேட்டால், "வேற யாரு என்னைக் கூப்பிட்டாங்க?" என்பாள். உண்மைதான். படிப்பை விட்டது, தொழில் கற்றது, கல்யாணம் கட்டியது எதிலும் அவளை யாரும் கேட்டதில்லை.

அந்த வீட்டில் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு மூலையிலும் கேமரா. அவற்றின் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். முகம் கிடையாது, பெயர் கிடையாது, கோபமும் கிடையாது. அச்சடித்த தமிழில் பேசும். "அனைவரும் கூடத்திற்கு வரவும்" என்றால் வர வேண்டும். "அமரவும்" என்றால் அமர வேண்டும். போன கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் மூலையைப் பார்த்துப் பேசுவாள். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவாள். எதிரில் இருப்பவருக்குச் சொன்னால் ஒருவர் காதில்தான் விழும், மூலைக்குச் சொன்னால் ஊருக்கே விழும் அல்லவா? வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஒன்பதாம் வாரம் வெளியே அனுப்பிவிட்டார்கள். தெருப்பிள்ளைகள் அவளுக்கு 'ஒன்பதாம் வாரம்' என்றே பெயர் வைத்தார்கள். பெரியவர்கள் வைத்த பெயர் வில்லி.

வந்த பிறகுதான் தன்னைத் திரையில் பார்த்தாள். திரையிலிருந்த அவள், "எங்க அத்தையை நினைச்சா எரிச்சலா வருது" என்றாள். சொன்னதும் இன்னொரு பெண் அதிர்ச்சியோடு வாயைப் பொத்தினாள்.

தையல்காரி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "எங்க அத்தையை நினைச்சா" என்பது அவள் சொன்னதுதான். நினைச்சா சாப்பாடு இறங்கல என்று சொல்லி அழுதிருந்தாள். "எரிச்சலா வருது" என்பதும் அவள் சொன்னதுதான். அந்த விளக்கு வெளிச்சத்தில் கண் எரிகிறது என்று வேறொரு நாள் சொன்னது. நடுவில் ஒரு கணம் வேறு யாரோ தலையாட்டுவதைக் காட்டினார்கள். அங்கேதான் ஒட்டு. பிசிறு தெரியாத நல்ல வேலை. தொழில்காரிக்கு மெச்சாமலும் இருக்க முடியவில்லை.

"இது நான் சொல்லல தம்பி" என்றாள் கொழுந்தனிடம்.

"உங்க வாய்தானே அண்ணி, உங்க குரல்தானே? கையெழுத்து போட்டுத்தானே உள்ள போனீங்க? பார்க்கிறவங்க எல்லாரும் நிஜம்னா நம்புறாங்க? பொழுதுபோக்கு."

"நம்பறவங்க யாராவது ஒருத்தர் இருந்தா?"

"அது அவங்க தலையெழுத்து."

நம்பியவர் பின்னறையில் இருந்தார். மாமியார் முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத குரல் கேட்ட எண்ணுக்கு இணைப்புக் கொடுத்து, முகம் தெரியாத குரல் சொன்னதை அப்படியே அடுத்தவருக்குச் சொன்னவர். முகத்தை விடக் குரலை நம்பிப் பிழைத்தவர். மறதி நோய் வந்து மூன்று வருஷமாகிறது. மருமகள் பூட்டிய வீட்டில் இருந்தபோது பார்த்துக்கொள்ள வந்த கூலிப் பெண், தொலைக்காட்சியைப் போட்டு அவரை அதன் முன்னால் உட்கார்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பழைய பகுதிகளையே நாள் முழுக்க மறுபடி மறுபடி போட்டார்கள். அவருக்கோ ஒவ்வொரு தடவையும் புதிது.

மருமகள் பெட்டியோடு திரும்பி வந்து "அத்தை" என்றதும், அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பொம்பளையை ஏன் உள்ள விட்டீங்க?" என்று மகனைக் கேட்டார்.

அதோடு அவள் கையால் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. தொலைக்காட்சியைப் பின்னறையிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை. விஷம் வைத்திருப்பாள் என்று உதட்டை இறுக்கிக்கொள்வார். மகன் ஊட்டினால் கொஞ்சம் போகும், ஆனால் மகன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மறதி வந்தவர்களோடு வாதாடுவது சல்லடையில் தண்ணீர் மொண்ட கதை. தையல்காரியும் கொஞ்ச நாள் வாதாடித்தான் பார்த்தாள். மாமியாரின் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. முதுகின் கீழே தோல் சிவந்தது. டாக்டர் எடை பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: "இப்படியே போனா மூக்குல குழாய் போட்டுத்தான் ஊட்டணும். பிடுங்காம இருக்கக் கையைக் கட்ட வேண்டி வரும்."

கையைக் கட்டுவதாவது!

மறுநாள் மதியம் பாலில் ஊறிய ரொட்டி அப்படியே திரும்பி வந்தபோது, நடுவறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தாள். பிறகு, ஏன் செய்கிறோம் என்றே தெரியாமல், அந்த வீட்டுக் குரலில் சொன்னாள்: "அம்மா, உணவு வந்துள்ளது. வாயைத் திறக்கவும்."

பின்னறையில் அசைவில்லை. திரையை விலக்கிப் பார்த்தாள். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, மூலையைப் பார்த்து, வாயைத் திறந்து வைத்திருந்தார்.

ஏன் மூலையை? தையல்காரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்த நாள் முதல் அவள் அந்த அறைக்குள் எதைச் சொன்னாலும் மூலையைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே ஒருவர் இருக்கிறார் என்று மாமியாருக்குக் காட்டிக்கொடுத்தவள் அவளேதான்.

கொழுந்தனிடம் சொன்னபோது அவனுக்குக் கொண்டாட்டம். "அண்ணி, தொழில்நுட்பம் எதுக்கு இருக்கு?" என்று கையகலத்தில் ஒரு ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து அலமாரியின் மேல் மூலையில் மறைத்து வைத்தான். அவள் குரலைச் சற்றுத் தடிமனாக்கிப் பதிவு செய்தான். அவள் கைபேசியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். வாயைத் திறக்கவும். விழுங்கவும். இடப்பக்கம் திரும்பவும். அவள் ஒரு கையில் கரண்டியை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பைக்குள் பொத்தானை அழுத்துவாள். வாய் மூடி நிற்கும் அவளுடைய குரல் அவள் தலைக்கு மேலிருந்து வரும். முதல் நாள் அவளே திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

வேலை செய்தது. மோவாயைத் தாழ்த்தி, சிறு கரண்டியாகக் கொடுத்து, தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்து ஊட்டினால் கிண்ணம் காலியாயிற்று. சிவந்த தோல் ஆறியது. "நல்லா கவனிச்சுக்கிறீங்க" என்றார் டாக்டர். குழாய்ப் பேச்சு போயிற்று. குழாயா குரலா என்று கேட்டால், யாராக இருந்தாலும் குரல் என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். மாமியார் மூலையைப் பார்த்துப் பேசிச் சிரிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சரியாக இருக்கும் சட்டையைக்கூடக் கொண்டுவந்து நீட்டி வில்லியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி உடை மாற்றும் திரைக்குள் நுழைந்து, "இங்க கேமரா இல்லையே?" என்றாள்.

"இருக்கு. வயித்தை உள்ள இழுத்துக்கோங்க" என்றாள் தையல்காரி. கடையே சிரித்தது.

அப்போது பின்னறையிலிருந்து மாமியார் கூப்பிட்டார். "யாரு இருக்கீங்க? ஏய்! யாரு இருக்கீங்க?" வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரி பையில் கைவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். அமைதியாக இருக்கவும். அந்தப் பொத்தானை முந்தின வாரம்தான் கேட்டு வாங்கியிருந்தாள்.

சத்தம் நின்றது. கூட்டம் வந்தது, போனது. தையல் இயந்திரம் ஓடியது. வெயில் சாய்ந்த பிறகுதான் நினைவு வந்து உள்ளே போனாள். மாமியார் விட்டுப்போன அதே நிலையில், உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுக்கை நனைந்து, ஆறி, குளிர்ந்து கிடந்தது. பேசலாம் என்று யாரும் சொல்லாததால் அவர் கூப்பிடவில்லை.

தையல்காரி உடம்பைத் துடைத்து, முதுகுப்பக்கம் திறப்பு வைத்துத் தானே தைத்த கவுனை மாற்றி, விரிப்பையும் மாற்றினாள். கை வேலை செய்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பொத்தானை அன்றைக்கே அழித்தாள். மற்றவற்றை வைத்துக்கொண்டாள். சாப்பிட வேண்டுமே.

இரண்டு நாள் கழித்து, காலை ரொட்டியோடு உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஆனால் மாமியார் மூலையைப் பார்த்தார், தலையாட்டினார், வாயைத் திறந்தார். அவள் கரண்டியை அசைக்கவில்லை. கிழவியின் தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி வாய் திறந்தது. ஒன்றுமில்லாததை ஒவ்வொரு வாயாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை... யாரு சொன்னாங்க திறக்கச் சொல்லி?"

"அவங்கதான்."

"இப்பவா சொன்னாங்க?"

"எப்பவும்தான் சொல்றாங்க. நீ தூங்கறப்பவும் சொல்றாங்க." மாமியார் குரலைத் தாழ்த்தினார். "உன்னை எப்ப வெளிய அனுப்பலாம்னு என்கிட்ட கேட்டாங்க. நான்தான் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். போ, போய் உன் வேலையைப் பாரு."

பட்டப்பகல். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தையல்காரி கட்டிலின் மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்து, செத்துக் கிடந்தது.

அன்று மாலை அவள் அதைச் சொன்னபோது வீட்டுக்காரர், "அம்மாவுக்கு மூளை அப்படி. நீ எதையாவது கற்பனை பண்ணிக்காதே" என்றார். அவள் சார்ஜ் போட்டு மூலையிலேயே திருப்பி வைத்தாள்.

அதற்கு அடுத்த விடுமுறை நாள் மத்தியானம் கொழுந்தன் சாப்பிட வந்தான். சாப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, இப்ப நேரடியாவே பேசலாம். புதுசா ஒண்ணு போட்டிருக்கேன், பாருங்க" என்றான். அன்று வந்ததும் அவன் அலமாரியின் மேல் ஒரு சின்னக் கேமராவும் வைத்திருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கீழே விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்று வைத்தானாம். கைபேசித் திரையில் மாமியார் உச்சியிலிருந்து தெரிந்தார். வகிடு, நெற்றி, மடியில் கோத்த கை.

கொழுந்தன் கைபேசியை வாயருகே வைத்தான். "அம்மா, இரண்டு கைகளையும் உயர்த்தவும்."

திரையில் மாமியார் கைகளை உயர்த்தினார்.

"ஒரு பாட்டுப் பாடவும்."

பாடினார். பாட்டு என்று சொல்ல முடியாது. எண்களை ஒரு ராகத்தில் சொன்னார், ஏதோ ஒரு பழைய தொலைபேசி எண்ணை. வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "டேய், போதும்டா, விடுடா" என்றார், ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அம்மா பாடி அவர் கேட்டு வருஷக்கணக்காகிறது.

தையல்காரியும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். மூன்று தலையும் கையகலத் திரையின் மேல் முட்டிக்கொண்டு நின்றன.

"கை தட்டவும்" என்றான் கொழுந்தன்.

மாமியார் தட்டினார். தட்டி முடித்துவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்தார். திரையில் அவர் கண்கள் மூன்று பேரையும் பார்த்தன.

"எல்லாம் சரியா செஞ்சேனா?"

"மிகவும் நன்று" என்றான் கொழுந்தன்.

"அப்ப நான் எப்ப வெளிய போகலாம்?"

மாமியார் காத்திருந்தார். பதில் வரும் என்று முப்பது வருஷம் காத்திருந்து பழகிய முகம். தையல்காரிக்கு அந்தக் கேள்வி தெரியும். அந்த வீட்டின் ஏழாம் வாரத்தில், குளியலறை மூலையைப் பார்த்து, ஒரு நாள் அவளும் அழுதபடி அதையே கேட்டாள். குரல் "பொறுமையாக இருக்கவும்" என்றது. அந்த அழுகையை விளம்பரத்துக்கு முன்னால் போட்டிருந்தார்கள். எத்தனை வீட்டில் எத்தனை தலை இப்படி முட்டிக்கொண்டு நின்றிருக்கும்?

கொழுந்தன் கைபேசியை வாயருகே கொண்டுபோனான். அவன் பதில் சொல்வதற்குள் அவள் அதைப் பிடுங்கினாள்.

"என்ன அண்ணி! சும்மா ஒரு தமாஷ்."

"தமாஷ் யாருக்கு?"

"அவங்களுக்கும்தான். சந்தோஷமாத்தானே இருந்தாங்க? அடிச்சோமா, திட்டினோமா? நாளைக்கு அவங்களுக்கு இது ஞாபகம்கூட இருக்காது. இதுல யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க."

"என்னை உள்ள வச்சவங்களும் இதையேதான் சொன்னாங்க, தம்பி. வார்த்தை மாறாம."

"அதே குரலை வச்சுத்தானே நீங்க சோறு ஊட்டுறீங்க? நான் பண்ணா தப்பு, நீங்க பண்ணா சேவையா?"

அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்து, "எடுத்ததை அழி" என்றாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "சொந்தக்காரங்களுக்கெல்லாம் நேரடியாவே போயிட்டு இருந்துச்சே. எல்லாரும் சிரிச்சுப் போட்டிருக்காங்க, பாருங்க."

வீட்டுக்காரர் எழுந்து போய்ப் பின்னறை வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. "அம்மா இன்னும் மேலேயே பார்த்துட்டு இருக்காங்க" என்றார்.

"பார்த்துட்டுத்தான் இருப்பாங்க. நாமதானே பழக்கி விட்டோம்" என்றாள் தையல்காரி.

அந்தப் படம் பிறகு கடைவரை வந்தது. உங்க மாமியார் பாட்டு பிரமாதம் என்று, அளவெடுக்க வந்தவர்களே சொன்னார்கள். போனதைத் திருப்பி வாங்க வழியில்லை. அது வேறு கதை.

மறுநாள் காலை வீட்டுக்காரர் வேனை எடுப்பதற்கு முன்னாலேயே அவள் நாற்காலி போட்டு ஏறி, கேமராவையும் ஒலிபெருக்கியையும் இறக்கி ஒரு துணிப்பையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "உங்க தம்பி கடையில கொடுத்துடுங்க. வேனுக்குள்ளயே வச்சுடாதீங்க, கையில கொடுங்க." பிறகு மாமியாருக்கு முகம் கழுவி, தலை வாரி, காலுக்குச் செருப்பு மாட்டினாள். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய சக்கர நாற்காலியை இழுத்து வந்து கட்டிலை ஒட்டி நிறுத்தினாள். தன் கழுத்தை அவர் பிடிக்க, இடுப்பைத் தான் பிடித்து, முழங்காலை முழங்காலால் தாங்கித் திருப்பி உட்கார வைத்தாள்.

"எங்க?" என்றார் மாமியார்.

"வெளிய."

"அவங்க சொல்லலையே." கிழவி நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டார். "அவங்க சொல்லாம போகக் கூடாது."

ஒரு வார்த்தை போதும். நடுவறைக்குப் போய், திரைக்குப் பின்னால் நின்று, வெளியே செல்லவும் என்று சொன்னால் போதும், எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். அது தையல்காரியின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மூலைக்கு முதுகைக் காட்டி, மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அப்படி நேருக்கு நேராகப் பார்த்துப் பேசுவது கூச்சமாக இருந்தது.

"நான் சொல்றேன் அத்தை. நான்தான். உங்க மகன் வீட்டுக்காரி. போலாமா?"

மாமியார் வெகுநேரம் அவள் முகத்தையே ஆராய்ந்தார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் கைப்பிடியில் விரல்கள் தளர்ந்தன.

வாசற்படியில் சக்கர நாற்காலியை முன்னால் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் கவிழ்ந்துவிடுவார். திருப்பி, பின்பக்கமாக இழுத்துத்தான் இறக்க வேண்டும். அதனால் அவள் பின்னறையிலிருந்தே பின்னால் நடந்து இழுத்துக்கொண்டு போனாள். மாமியாரின் முகம் உள்ளே பார்த்தபடி வந்தது. நடுவறை வந்ததும் அவர் வலது கையை உயர்த்தி, பின்னறையின் காலி மூலையைப் பார்த்து மெல்ல அசைத்தார். புன்னகைத்தார். யாரோ திருப்பிக் கையசைத்ததற்குத் தலையாட்டுவது போல ஒருமுறை தலையாட்டினார்.

தையல்காரி அந்த மூலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. படியில் பின்சக்கரத்தை மெதுவாக இறக்கி, பிறகு முன்சக்கரத்தை இறக்கினாள். கடை வாசலில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நிறுத்தி, தடையைப் போட்டாள். கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். முதல் இரண்டு கரண்டிக்கு வாய் திறக்கவில்லை. அவள் ஒரு கரண்டி எடுத்துத் தான் தின்று காட்டினாள். தெருவில் போன ஒருவர் நின்று, "என்ன ஒன்பதாம் வாரம், மாமியாரோட காத்து வாங்குறீங்களா?" என்றார்.

"ஆமா. நீங்க நடையைக் கட்டுங்க" என்றாள்.

மாமியார் அந்த ஆள் போவதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு ஒரு நாயைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். நான்கு கரண்டி இறங்கியது, பாதிக் கிண்ணம்கூட இல்லை. தையல்காரி அவர் வாயைத் துடைத்து, கிண்ணத்தை மூடி வைத்து, மதியத்துக்கு மறுபடி முயன்று பார்க்கலாம் என்று, கடையின் மீதிக் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.